கிணறு சொன்னதும் கேட்டவர் கொண்டதும்

நிலத்தின் கீழே பல்லாயிரம் அடி ஆழத்தில் உறைந்திருக்கும் எண்ணெயை, அது இருக்குமிடத்தில் வைத்துக் கண்ணால் கண்டவர் எவருமில்லை. கிணறு துளைத்தவருக்குக் கிடைப்பவை சில பாறைத் துணுக்குகள், சில மின்பதிவுகள், அழுத்தமானி காட்டும் ஓர் எண். அந்த எண்ணுக்குப் பொருள் காண்பதை எண்ணெய்த் தொழிலின் உரைமரபு என்றே சொல்லலாம். பாடம் ஒன்று, உரை பல என்பது நமக்குப் புதிய செய்தியன்று. நம் துறையில் உரை பிழைத்தால் மறுப்புநூல் ஒன்று எழும். 2010ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் மெக்சிகோ வளைகுடாவில் உரை பிழைத்தபோது 11 பேர் மாண்டனர்.

அந்நிகழ்ச்சியைக் காணுமுன் மரபைச் சற்று நோக்குவோம். அமெரிக்க நிலத்தடி நீர் ஆய்வாளர் சார்ல்ஸ் தைஸ் 1935இல் ஓர் ஒப்புமையை வெளியிட்டார். கிணற்றில் நீர் இறைக்கும்போது சுற்றிலும் நீர்மட்டம் தாழ்வது, திடப்பொருளில் வெப்பம் பரவும் கணக்கையே பின்பற்றுகிறது என்பது அது. 1951இல் ஹேக் நகரில் கூடிய மூன்றாம் உலகப் பெட்ரோலிய மாநாட்டில், ஹார்னர் என்னும் பொறியாளர் இவ்வழியை எண்ணெய்க் கிணற்றுக்குரிய எளிய முறையாக்கித் தந்தார். கிணற்றைச் சில காலம் ஓடவிட்டுப் பின் மூடிவிட வேண்டும். மூடிய கிணற்றில் அழுத்தம் மெல்ல ஏறும். அந்த ஏற்றத்தை மடக்கை அளவில் வரைந்தால் ஒரு பகுதி நேர்கோடாக அமையும். கோட்டின் சாய்விலிருந்து எண்ணெய் பாறையூடே எவ்வளவு எளிதாக நகரும் என்பதை அறியலாம். கோட்டை நீட்டினால் பாறைக்குள் இருக்கும் அழுத்தம் தெரியவரும். 1983இல் பூர்தே முதலானோர், அழுத்தம் மாறும் விகிதத்தையும் உடன் வரைந்து, முன்பு கண்ணுக்குத் தப்பிய வேறுபாடுகளைப் புலப்படுத்தினர்.

இத்தனை நுட்பம் வளர்ந்தபின்னும் ஒரே வளைகோட்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கங்கள் பொருந்தக்கூடும் என்பதை இத்துறையினர் அறிவர். ஆகவே அழுத்தம் சொல்வதை நிலவியலோடும் பிற பதிவுகளோடும் ஒப்பிட்டு, எல்லாச் சான்றுகளுக்கும் இயையும் பொருளையே கொள்ள வேண்டும் என்பது அவர்தம் நெறியாயிற்று.

மேற்கூறியவை பாறையை அறியும் சோதனைகள். கிணற்றின் உறுதியை அறியும் சோதனைகள் வேறு; அவற்றுக்குப் பெருங்கணக்கு ஏதும் வேண்டியதில்லை. கிணற்றுக்குள் அழுத்தத்தை ஏற்றி, அது வெளியே கசிகிறதா எனப் பார்ப்பது நேர் அழுத்தச் சோதனை. உள்ளே உள்ள கனத்த துளைச்சேற்றின் ஒரு பகுதியை நீக்கி, இலேசான கடல்நீரை நிரப்பி, அழுத்தத்தைச் சுழிக்கு இறக்கி, வெளியிலிருந்து எண்ணெயும் வாயுவும் உட்புகுகின்றனவா எனப் பார்ப்பது எதிர் அழுத்தச் சோதனை. இறக்கிய அழுத்தம் ஏறாமலும், திரவம் வெளிவராமலும் இருந்தால் அடியிலிட்ட சிமெண்ட் அடைப்பு நிற்கிறது என்று பொருள். அழுத்தம் ஏறினால் அடைப்பு நிற்கவில்லை என்று கொள்ள வேண்டும்.

அன்று சோதனைக்குள்ளான கிணற்றின் பெயர் மகோந்தா. கார்சியா மார்க்கேஸின் நாவலில் வரும் ஊரின் பெயரைத்தான் அதற்கு இட்டிருந்தனர். லூயிசியானா கரைக்கு அப்பால், ஏறத்தாழ 5,000 அடி ஆழக் கடலின் அடியில், கடல்மட்டத்திலிருந்து 18,000 அடிக்கும் கீழே அது இறங்கியிருந்தது. கிணறு பிபி நிறுவனத்துடையது. துளைத்த ‘டீப்வாட்டர் ஹொரைசன்’ கலம் டிரான்ஸோஷன் நிறுவனத்துடையது. அன்று காலையில் சிமெண்டை அளக்கும் பதிவு வேண்டாமென முடிவாகி, அதற்கென வந்திருந்த குழு கரைக்குத் திரும்பியது. பகலில் நடந்த நேர் அழுத்தச் சோதனை நன்றாகவே முடிந்தது. மாலையில் எதிர் அழுத்தச் சோதனை தொடங்கியது. இரு நிறுவனங்களின் உயர் அலுவலர்களும் அன்று கலத்துக்கு வந்திருந்தனர். கலம் ஏழாண்டுகள் பெருவிபத்தின்றி இயங்கியதைப் பாராட்டுவதும் அவர்கள் வருகையின் நோக்கங்களுள் ஒன்று.

துளைகுழாயின் அழுத்தத்தைச் சுழிக்கு இறக்கினர். குழாயை மூடியதும் அது மீண்டும் ஏறியது. மறுபடி இறக்கினர், மறுபடி ஏறியது. முடிவில் சதுர அங்குலத்துக்கு 1,400 பவுண்டு என்ற அளவில் நின்றது. இதன் பொருள் வெளிப்படை. ஆனால் துளைமேடையில் நின்றவர்களிடையே வேறொரு விளக்கம் எழுந்தது. மேலே உள்ள கனத்த திரவம், மூடிய ரப்பர் வளையத்தின்மீது அழுந்துவதால் கீழே அழுத்தம் தோன்றுகிறது என்பது அது. ‘பை விளைவு’ என அதற்கு ஒரு பெயரும் இருந்தது. பின்னர்ச் சோதனையைக் கில் லைன் எனப்படும் பக்கக்குழாய்க்கு மாற்றினர். அதில் அழுத்தம் சுழியாயிற்று. 30 நிமிடம் காத்திருந்தும் ஒழுக்கு இல்லை. துளைகுழாயிலோ 1,400 அப்படியே நின்றது. இரவு 8 மணியளவில் சோதனை வெற்றி என முடிவு செய்தனர்.

இவ்விரு குழாய்களும் அடியில் ஒரே வெளியில் திறப்பவை. ஒரு பாத்திரத்தின் இரு கைகள் போன்றவை. இரண்டிலும் ஒரே திரவம் நிறைந்து, வழியும் திறந்திருந்தால், இரண்டும் ஒரே அழுத்தத்தைக் காட்டியாக வேண்டும். ஒன்று 1,400, மற்றொன்று சுழி என்றால், ஏதோ ஒரு வழி அடைபட்டிருக்கிறது. பக்கக்குழாயின் வால்வு மூடியிருந்திருக்கலாம். இடையில் செலுத்திய கெட்டித்திரவம் அதை அடைத்திருக்கலாம். அடைபட்ட குழாயின் மௌனத்தைக் கிணற்றின் மௌனமாகக் கொண்டுவிட்டனர்.

சேறு நீக்கும் பணி தொடர்ந்தது. இரவு 9.49 மணிக்கு முதல் வெடிப்பு. கலத்திலிருந்த 126 பேரில் 11 பேர் இறந்தனர். இரண்டு நாளில் கலம் மூழ்கியது. 87 நாள் எண்ணெய் பெருகியது. அமெரிக்க அரசின் கணிப்பில் அது 49 லட்சம் பீப்பாய்.

கொண்டுகூட்டிப் பொருள் கொள்ளும் முறையை நாம் அறிவோம். நச்சினார்க்கினியர் பத்துப்பாட்டின் அடிகளை இடம்மாற்றி இணைத்து உரை கண்டதை மறைமலையடிகள் கண்டித்தார். தாம் கருதிய பொருளுக்கு இயைய மூலத்தை வளைத்தல் தகாது என்பதே அக்கண்டனத்தின் சாரம். மேடையில் நின்றவர்கள் செய்ததும் அதையொத்ததே. இசைவான எண்ணை ஏற்றனர். இசையாத எண்ணுக்கு ஒரு கதை கட்டினர். அவர்கள் அறியாமையர் அல்லர், பல்லாண்டு பழகியவர்கள். எனினும் வேலை திட்டமிட்ட காலத்தைக் கடந்திருந்தது, செலவு மிகுந்திருந்தது, சிமெண்ட் இறங்கிவிட்டது என்ற செய்தியும் முன்னரே வந்திருந்தது. அடைப்பு நிற்கிறதா என்று ஐயுற்றுக் கேட்க வேண்டிய வினாவை, அது நிற்கிறது என்பதை உறுதி செய்துகொள்ளும் சடங்காக மாற்றிவிட இவை போதுமானவை.

குடியரசுத் தலைவர் ஒபாமா அமைத்த ஆணையம் 2011 ஜனவரியில் அறிக்கை வெளியிட்டது. இச்சோதனையைத் தவறாகப் பொருள்கொண்டதை அது முதன்மையான பிழைகளுள் ஒன்றாக வைத்தது. அவ்வறிக்கை காட்டும் மற்றொரு செய்தி நம் கருத்துக்குரியது. எதிர் அழுத்தச் சோதனையைச் செய்தாக வேண்டும் என்று அன்றைய அரசு விதி எதுவும் சொல்லவில்லை. எப்படிச் செய்வது, எதை வெற்றி என்பது, எதைத் தோல்வி என்பது என்று தொழில்துறையிலும் வகுத்த முறை இல்லை. புரியாத எண் வந்தால் கரையிலிருப்போரைக் கேட்டாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தோல்வி எது என்று முன்கூட்டியே எழுதிவைக்காத இடத்தில், வந்த எண்ணை எவ்வாறேனும் வெற்றியாக உரைத்துவிட முடிகிறது.

2010 அக்டோபரில் வந்த புதிய பாதுகாப்பு விதிகள் இத்தகைய சோதனையைக் கட்டாயமாக்கின. விதி வேண்டியதே. எனினும் 1,400 என்ற எண்ணில் அன்று மறைபொருள் ஏதுமில்லை. ஹார்னரின் கோட்டுக்குத் தேவைப்பட்ட கணிதத்தில் நூறில் ஒரு பங்கும் அதைப் படிக்கத் தேவைப்படவில்லை. கிணறு தெளிவாகவே சொன்னது. அந்த 1,400க்கும் பக்கக்குழாயின் சுழிக்கும் ஒருசேரப் பொருந்தும் விடை கிடைக்கும்வரை அடுத்த வேலையைத் தொடங்காமல் நிற்பதே அன்று வேண்டியிருந்தது.