கிளாரினெட் (கர்நாடக இசையில்)

கிளாரினெட், ஒற்றைச் சீவாளி கொண்ட ஐரோப்பியக் காற்றுக்கருவி. ஜெர்மனியின் நூரெம்பர்க் நகரில் யோஹான் கிறிஸ்டோஃப் டென்னர் 1700ஐ ஒட்டி இதை உருவாக்கினார். பேண்டு வாத்தியமாகத் தென்னிந்தியாவுக்கு வந்த இது, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி வட்டாரத்தில் கர்நாடகக் கச்சேரி வாத்தியமாக வளர்ந்தது.

பேண்டிலிருந்து சதிருக்கு

கிழக்கிந்தியக் கம்பெனியின் பேண்டு மெட்டுகளுக்கு முத்துசுவாமி தீட்சிதர் சமஸ்கிருத சாகித்தியம் அமைத்தார். இவை நோட்டுஸ்வர சாகித்தியங்கள் எனப்படும். ‘சந்ததம் பாஹிமாம்’ பிரிட்டிஷ் அரச வாழ்த்தின் மெட்டில் அமைந்தது. இப்படிப் பேண்டு மெட்டு வாய்ப்பாட்டாயிற்று. மறுபுறம், நம் பாட்டு பேண்டு வாத்தியத்தில் ஏறியது தஞ்சாவூரில். அங்கே இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832) அரண்மனையில் மேற்கத்திய பேண்டு ஒன்றை வைத்திருந்தார். பரதநாட்டியத்தின் முன்வடிவான சதிர்க் கச்சேரியின் பக்கவாத்தியக் குழுவான சின்ன மேளத்தில் கிளாரினெட்டைச் சேர்த்தவர் மகாதேவ நட்டுவனார் என்பது வழிவழிச் செய்தி. பதம், வர்ணம் பாடுபவரின் குரலை ஒட்டி வாசிப்பதே அங்கு அதன் வேலை.

வாசிப்பில் உள்ள சிக்கல்

கிளாரினெட்டின் துளைகளும் சாவிகளும் சுரங்களைத் தனித்தனிப் படிகளாகத் தருகின்றன. கமகத்துக்கோ படிகளுக்கு இடையில் வழுக்கிச் செல்லும் ஒலி வேண்டும். துளையைப் பாதி மூடியும் சீவாளி மீது உதட்டின் அழுத்தத்தை மாற்றியும் கலைஞர்கள் அதை வரவழைக்கிறார்கள். இன்னொரு சிக்கல் ஸ்தாயி மாறும்போது எழுகிறது. நாகஸ்வரத்தில் ஊதும் அழுத்தத்தைக் கூட்டினால் அதே விரலமைப்பில் மேல் ஸ்தாயிச் சுரம் வரும். கிளாரினெட்டில் ஸட்ஜத்துக்கான விரலமைப்பு, மேலே போனால் மேல் ஸ்தாயிப் பஞ்சமத்தைத் தரும். ஆகவே ஒரே சங்கதிக்கு ஸ்தாயிதோறும் வேறு விரலடி பழக வேண்டியிருக்கிறது.

திருச்சி மரபு

இதைத் தனிக் கச்சேரி வாத்தியமாக நிலைநிறுத்தியவர்களில் முதன்மையானவர் திருச்சியின் ஏ.கே.சி. நடராஜன் (பிறப்பு 1931). தந்தை சின்னிகிருஷ்ண நாயுடுவிடம் கிளாரினெட்டும், ஆலத்தூர் வெங்கடேசய்யரிடம் வாய்ப்பாட்டும், இலுப்பூர் நடேச பிள்ளையிடம் நாகஸ்வரமும் பயின்றார். நாகஸ்வரக் கச்சேரியைப் போலத் தவில் பக்கவாத்தியத்துடன் வாசித்ததால், சின்ன மேளத்து வாத்தியம், நாகஸ்வர-தவில் குழுவான பெரிய மேளத்தின் ராக ஆலாபனைக்கும் லயப் போக்குக்கும் ஈடுகொடுக்க வேண்டியதாயிற்று. நாகஸ்வர மேதை ஷேக் சின்ன மௌலானா குடியேறி வாழ்ந்த ஸ்ரீரங்கம், காவிரிக்கு அக்கரையில் உள்ளது. அந்த வட்டாரத்து ரசிகர்களின் காதில் நாகஸ்வரமே அளவுகோல். நடராஜனுக்கு 2008இல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருதும், 2022இல் பத்மஸ்ரீயும் கிடைத்தன.

பேண்டு செட்

தமிழ்நாட்டின் கல்யாண ஊர்வல பேண்டு செட்டுகளில் கிளாரினெட் பழைய கூட்டு வாழ்க்கையைத் தொடர்கிறது. திரைப்பாட்டின் வாய்ப்பாட்டு வரியைக் கிளாரினெட்டோ டிரம்பெட்டோ ஏற்கும்; வயலின்கள் வாசித்த இடையிசையும் காற்றுக்கருவிகளுக்கே வந்துசேரும். கச்சேரி மேடையில் ஒரே கிளாரினெட் தாங்கும் பாட்டை, இங்கே பல வாத்தியங்கள் பங்கிட்டுக்கொள்கின்றன.