பொதுவில் வைத்த கருவி

தேனியை அடுத்த பழனிசெட்டிபட்டிக்கு மேற்கே ஏலம் விளையும் மலை. தெற்கே பன்னீர்த் திராட்சைப் பந்தல் படர்ந்த கம்பம் பள்ளத்தாக்கு. போடிநாயக்கனூர் வியாபாரி ஏலக்காயைக் கைநிறைய அள்ளி, பச்சை நிறத்தையும் சல்லடை அளவையும் லிட்டர் எடையையும் கண்டு, ஒரு காயை நசுக்கி முகர்ந்து விலை சொல்லிவிடுவார். அந்த மணத்தில் சினியோல் எவ்வளவு, டெர்பினைல் அசிட்டேட் எவ்வளவு என்று சொல்லவோ அவர் மூக்கு போதாது, கருவி வேண்டும்.

ஜீவனுக்குள் நிகழும் இரசாயன விகாரங்களை வெளிப்பட்ட ஒரு துளியிலே படித்தறியும் ஆசை நமக்குப் புதிதன்று. தேரையர் பெயரால் வழங்கும் நீர்க்குறி நெய்க்குறி முறையில், விடியற்காலைச் சிறுநீரின்மேல் நல்லெண்ணெய் ஒரு துளி விட்டு, அது பாம்பாய் நீண்டால் வாதம், மோதிரமாய் வளைந்தால் பித்தம், முத்தாய் நின்றால் கபம் என்று வைத்தியர் நிர்ணயித்தார். அதன் பிரமாணம் பற்றிய விவாதம் வேறு. வேண்டிய உபகரணம் ஒரு கிண்ணமும் துளி எண்ணெயுமே ஆதலால், அரண்மனை வைத்தியருக்கும் குக்கிராமத்து வைத்தியருக்கும் சாதனத்தில் பேதமிருக்கவில்லை.

அந்தச் சமத்துவம் இருபதாம் நூற்றாண்டில் போயிற்று. 1952இல் ஜேம்ஸும் மார்ட்டினும், ஆவியாகும் திரவியங்களைப் பிரித்தறியும் கேஸ் குரோமட்டோகிராஃபியை வெளியிட்டனர். 1971இல் லைனஸ் பாலிங்கும் சகாக்களும் மூச்சுக்காற்றில் சுமார் 250, சிறுநீராவியில் சுமார் 280 திரவியங்களைப் பிரித்துக் காட்டினர். ஜீவனுக்குள் உண்டாகும் இரசாயனத் திரவியங்களை ஒருங்கே அளக்கும், மெட்டபொலோமிக்ஸ் என இன்று வழங்கும் சாஸ்திரத்துக்கு அது ஒரு பூர்வாங்கம். ஆனால் அத்தகைய யந்திரம் வாங்க எந்தச் சிறு கல்லூரிக்கு வசதியுண்டு? 1971இல் தோன்றிய மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை, சென்னை ஐ.ஐ.டி. முதலிய சில இடங்களில் பிராந்தியக் கருவி மையங்களை அந்தப் பத்தாண்டிலேயே அமைத்து, மாதிரியையும் கட்டணத்தையும் கொண்டுவரும் எவருக்கும் கதவைத் திறந்தது. 1895இல் முடிந்த பெரியாறு அணையின் தண்ணீரை முறைவைத்துப் பாய்ச்சிய பள்ளத்தாக்குக்கு இந்த ஏற்பாட்டின் நியாயம் எளிதில் விளங்கும்.

விளங்காதது வழிநடைச் சிரமமே. பறித்த திராட்சை இலை, பறித்த கணத்திலிருந்து தன் இரசாயனத்தை மாற்றிக்கொண்டே போகும்; ஆகவே தோட்டத்திலேயே அதை மைனஸ் 196 டிகிரித் திரவ நைட்ரஜனில் ஆழ்த்தி, உலர்பனி நிரப்பிய பெட்டியில் உருகாமல் சென்னை சேர்க்க வேண்டும். அதற்கு ஏற்றதோ ஏற்காததோ, 2010 இறுதியில் அகலப்பாதைக்காக நின்ற மதுரை–போடி ரயில் தேனிவரை மீண்டு வந்த 2022 மே மாதம்வரை, இப்பகுதியார்க்குச் சாலையே கதி.

எந்தக் கருவி எங்கிருக்கிறதென்று பார்த்து முன்பதிவு செய்ய 2020 ஜனவரியில் ஐ-ஸ்டெம் தளமும் வந்துவிட்டது. நல்லதே. ஆயினும் என்னைக் கேட்டால், இன்னொரு யந்திரத்தைவிட, கல்லூரி ஆசிரியர் யந்திரத்தின் அருகே சில வாரம் நின்று பழகும் ஏற்பாட்டையே முதலில் கோருவேன். ஏனெனில் திரும்பி வரும் வரைபடத்தில் சிகரங்கள் நூற்றுக்கணக்கில் நிற்க, பெயர் தெரிந்தவை கொஞ்சமே; எஞ்சியவற்றுள் எது இலைக்குச் சொந்தம், எது பிளாஸ்டிக் குப்பியிலிருந்து கசிந்த மாசு என்பது பழகிய கண்ணுக்கே புலப்படும்.