தவறாமல் தவறும் கடிகாரம்

தமிழில் ‘தவறாமல்’ என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. ‘குறி தவறாமல் அடித்தான்’ என்றால் பிழையில்லாமல். ‘மாசம் தவறாம பணம் அனுப்புறான்’ என்றால் விடாமல். முதலாவது சரியாக இருப்பது, இரண்டாவது ஒரே மாதிரி இருப்பது. பேச்சில் இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியமே வருவதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் கடலோடிகளுக்கு அந்த அவசியம் வந்தது.

1707-இல் இங்கிலாந்தின் சில்லி தீவுகளருகே நான்கு போர்க்கப்பல்கள் பாறையில் மோதி மூழ்கின. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதை மாலுமிகள் தப்பாகக் கணித்திருந்தார்கள்.

அட்சரேகையைச் சூரியனையோ துருவ நட்சத்திரத்தையோ பார்த்துச் சொல்லிவிடலாம். தீர்க்கரேகைக்குப் புறப்பட்ட துறைமுகத்தில் இப்போது மணி என்ன என்று தெரிய வேண்டும். பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம். ஆடும் கப்பலில் ஊசல் கடிகாரம் எதற்கும் உதவாது. அரைப் பாகைக்குள், அதாவது இரண்டு நிமிடப் பிழைக்குள் வழி சொல்பவருக்கு 20,000 பவுண்டு பரிசு என்று 1714-இல் சட்டம் வந்தது.

தச்சுவேலையிலிருந்து கடிகாரத்துக்கு வந்த ஜான் ஹாரிசன் தன் நான்காவது கருவியை 1759-இல் முடித்தார். உள்ளங்கையில் அடங்கக்கூடியது, பதின்மூன்று செ.மீ. குறுக்களவு. 1761 நவம்பரில் அவர் மகன் வில்லியம் அதோடு ஜமைக்காவுக்குக் கப்பலேறினார். 81 நாள் கழித்துப் பார்த்தால் கடிகாரம் மூன்றரை நிமிடத்துக்கும் மேல் பின்தங்கியிருந்தது. முள் காட்டிய மணியை அப்படியே எடுத்துக்கொண்டால் பரிசு போச்சு!

ஆனால் அது நாளொன்றுக்குச் சுமார் 2⅔ விநாடி பின்தங்கும் என்பது கணக்கில் இருந்தது. அதை 81 நாளுக்குப் பெருக்கிக் கழித்தால் மிஞ்சிய பிழை ஏறக்குறைய 5 விநாடிதான். கடலில் அது இரண்டே சொச்சம் கிலோமீட்டர்.

பரிசுக் குழு நம்பவில்லை. தற்செயலாக அமைந்திருக்கலாம் என்றது. குழுவைத் திட்டித் தீர்ப்பது சுலபம். ஆனால் அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. ஒரு தடவை சரியாக வந்ததை வைத்து ‘தவறாது’ என்று எப்படிச் சொல்வது? 1764-இல் பார்படோஸ் பயணம். இந்த முறை பிழை 39 விநாடி. எல்லைக்குள்தான்.

அதன் பிறகும் பாதிப் பணத்தை மட்டும், அதுவும் நிபந்தனைகளோடு, கொடுத்து இழுத்தடித்ததற்கு அந்த நியாயம் போதாது. 1773-இல் நாடாளுமன்றம் தலையிட்டு இன்னொரு 8,750 பவுண்டு கொடுத்தபோது ஹாரிசனுக்கு எண்பது வயது.

கடிகாரத்துக்கு வேறொருவரும் சாட்சி சொன்னார். லார்கம் கெண்டல் செய்த அதன் நகலோடு ஜேம்ஸ் குக் 1772 முதல் 1775 வரை அண்டார்டிகப் பனிக்கும் வெப்பமண்டலத் தீவுகளுக்கும் போய்வந்தார். அதுவும் தினமும் சில விநாடி பிசகிய கடிகாரம்தான். அதையே தன்னைக் கைவிடாத வழிகாட்டி என்று குக் எழுதிவைத்தார்.

நான் வேலை பார்க்கும் சர்வர்களிலும் இதே கதைதான். ஒவ்வொன்றின் குவார்ட்ஸ் படிகமும் தன் போக்கில் கொஞ்சம் வேகமாகவோ மெதுவாகவோ ஓடும். நேரத்தை ஒத்திசைக்கும் மென்பொருள் அந்த விலகலை அளந்து ‘டிரிஃப்ட் ஃபைல்’ என்ற சின்னக் கோப்பில் ஒரு எண்ணாக எழுதிக்கொள்ளும். நெட்வொர்க் அறுந்தாலும் அந்த எண்ணை வைத்துச் சமாளிக்கும். ஹாரிசனின் 2⅔ விநாடியும் இந்த எண்ணும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

தினமும் மூன்று விநாடி பின்தங்கும் கடிகாரத்தைக் கழித்தல் கணக்குத் தெரிந்த எவரும் நம்பலாம். இன்றைக்கு மிகச்சரியாக ஓடி, நாளைக்கு அரை நிமிடம் முந்தி, மறுநாள் பின்தங்குவதைத்தான் தூக்கிக் கடலில் போட வேண்டும்.