நாற்பது பவுண்டு வெகுமதியும் இங்கிலாந்தின் கருவூலக் கணக்கும் (1692–1826)

குற்றவாளியைக் காட்டிக்கொடுப்போர்க்கு அரசு பொருள் வழங்குவது தொன்மையான வழக்கம். அரசுப் பொருள் கையாடப்பட்டதை அறிவித்து மெய்ப்பிப்பவனுக்கு அதில் ஆறில் ஒரு பங்கும், அவன் பணியாளனாயின் பன்னிரண்டில் ஒரு பங்கும் உரியன என்று கௌடிலியரின் அர்த்தசாத்திரம் வகுத்துள்ளது. மெய்ப்பிக்கத் தவறியவன் தண்டிக்கப்படுவான் என்பதும் அங்கேயே கூறப்படுகிறது. வெகுமதியையும் பொய்யுரைக்கு உரிய தண்டனையையும் இவ்வாறு ஓரிடத்தில் இணைத்து வைக்காத சட்டம் எவ்விளைவைத் தரும் என்பதற்கு இங்கிலாந்தின் வரலாறு சான்றாகிறது.

1692-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம், வழிப்பறிக் கள்வனைப் பிடித்து வழக்குத் தொடுத்துத் தண்டனை பெற்றுத் தருவோர்க்கு 40 பவுண்டு அளித்தது. தன் கூட்டாளிகள் இருவரைக் காட்டிக்கொடுத்துத் தண்டனைக்கு உள்ளாக்கிய கள்வனுக்கு மன்னிப்பும் உண்டு. ஒரு கூலியாளின் ஓராண்டு ஊதியத்தையும் விஞ்சிய தொகை இது. நாணயப் புரட்டு, கன்னமிடுதல் முதலிய குற்றங்களுக்கும் பின்னர் இது விரிவாக்கப்பட்டது.

பணம் செலுத்தும் முறை கண்டிப்பானது. தீர்ப்புக்குப் பின் நீதிபதி சான்றிதழ் வழங்குவார். உரிமை கோருவோர் பலராயின் அவரவர் பங்கையும் அவரே வரையறுப்பார். சான்றிதழைக் கண்ட மாவட்ட ஷெரீப் ஒரு மாதத்திற்குள் பணம் தரவேண்டும். தவறினால் இருமடங்கு தரவேண்டும். அவர் அத்தொகையைத் தம் கணக்கில் காட்டி அரசிடமிருந்து ஈடுசெய்துகொள்வார். ஷெரீபுகள் அளித்த இக்கோரிக்கைக் கணக்குகள் இன்றும் ஆய்வாளர்க்குப் பயன்படுகின்றன. எவர்க்கு, எவ்வழக்கில், எவ்வளவு என்பதை அக்கணக்கு கூறும். பெற்றவர் உரைத்தது மெய்யா என்பதைக் கூறாது. தீர்ப்பே அதற்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. தீர்ப்போ பணம் பெறவிருந்தோரின் சாட்சியத்தையே சார்ந்திருந்தது!

இவ்விடைவெளியில் வளர்ந்தவர்களே தொழில்முறைக் கள்வர்பிடிப்போர். இவர்களுள் மக்டேனியல், பெர்ரி, சால்மன், ஈகன் என்போரின் கூட்டம் கொடியது. 1754-இல் ஜோசுவா கிடன் என்னும் குற்றமற்ற இளைஞன் இவர்களது பொய்ச்சாட்சியத்தால் தூக்கிலிடப்பட்டான். அவ்வாண்டிலேயே கிரீனிச் பகுதி மக்கள் கள்வரைப் பிடிப்போர்க்குத் தம் பங்காக மேலும் 20 பவுண்டு அறிவித்திருந்தனர். அதனையும் கணக்கிட்டே இக்கூட்டத்தார் அருகிலுள்ள டெப்ட்போர்டில் அடுத்த சூழ்ச்சியை வகுத்தனர். இளைஞர் இருவரைத் தூண்டிச் சால்மனிடமே வழிப்பறி செய்வித்துப் பிடித்துக் கொடுத்தனர். பிளாக்ஹீத் பகுதியின் தலைமைக் காவலர் ஜோசப் காக்ஸ் ஐயுற்று ஆராய்ந்ததால் சூழ்ச்சி வெளிப்பட்டது. கருவூலத்தின் கணக்காய்வால் அன்று, ஒரு தனி அலுவலரின் ஐயத்தால் வெளிப்பட்டது என்பது கருதத்தக்கது.

கிடனின் சாவுக்காகக் கொலைக்குற்றம் சாட்டப்பட்டு இவர்களுள் மக்டேனியலும் பெர்ரியும் குற்றவாளிகள் எனத் தீர்க்கப்பட்டபோதும், பொய்ச்சாட்சியத்தால் உயிர் போக்குவது சட்டப்படி கொலையாகுமா என்னும் ஐயத்தால் தூக்கிலிடப்படவில்லை. சதிக்குற்றத்திற்காக இக்கூட்டத்தார் தலையும் கைகளும் மரச்சட்டத்தில் பூட்டப்பட்டுப் பொதுவிடத்தில் நிறுத்தப்பட்டனர். ஈகன் மக்களின் கல்லெறியால் அங்கேயே மாண்டான்.

சட்டம் மட்டும் மாறவில்லை. சிறு குற்றம் செய்யும் சிறுவனைப் பிடிக்காமல், அவன் 'நாற்பது பவுண்டு எடை' வரும்வரை விட்டுவைப்பது காவலரிடையே மரபுத்தொடராகவே வழங்கியது. 1816-இல் லண்டன் போ வீதிக் காவற்படையைச் சேர்ந்த ஜார்ஜ் வாகன் இத்தகைய சூழ்ச்சியில் சிக்கியபின் நாடாளுமன்றம் விழித்துக்கொண்டது. ஹென்றி கிரே பென்னட் முயன்று நிறைவேற்றிய 1818-ஆம் ஆண்டுச் சட்டம் தண்டனைக்கு விலை வைத்த நிலையான வெகுமதிகளை நீக்கியது. செலவு, உழைப்பு, இழந்த காலம் ஆகியவற்றுக்கு ஈடாகத் தக்க தொகையை நீதிமன்றமே வரையறுக்கலாயிற்று. 1826-ஆம் ஆண்டுச் சட்டமும் இவ்வடிப்படையையே கொண்டது. நீதிமன்ற ஆணைப்படி ஷெரீப் பணம் தருவதும் கருவூலம் அவர்க்கு ஈடுசெய்வதும் ஆகிய பழைய கணக்குவழி மட்டும் மாறாமல் நின்றது.