மரம் வந்தது முன்னே, உணவானது பின்னே: கரீபியத் தீவுகளில் ஈரப்பலா

முன்னுரை

ஈழத்தில் ஈரப்பலா என்றும் தமிழகத்தில் சீமைப்பலா என்றும் வழங்கும் மரம், பசிபிக் தீவுகளின் தொன்மையான உணவுப்பயிர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரித்தானியக் கடற்படைக் கப்பலொன்று அதைக் கரீபியத் தீவுகளில் சேர்த்தது. அந்த வரலாறு பெரும்பாலும் ஒரு கப்பல் கலகத்தின் கதையாகவே சொல்லப்படுகிறது. மரத்தைக் கொண்டுவந்தவர்கள் அல்ல, அதைத் தம் அடுப்பில் ஏற்றியவர்களே அதை உணவாக்கினர் என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

தாஹிட்டியின் பக்குவம்

ஈரப்பலாவின் முற்றிய காயில் மாவுச்சத்து மிகுதி, கனிந்தால் இனிக்கும். பருவத்தில் கொத்துக்கொத்தாய்க் காய்க்கும் மரம் பருவம் கழிந்ததும் ஓய்ந்துவிடும். பறித்த காயோ சில நாள்களே தாங்கும். இதற்குத் தீவு மக்கள் கண்ட வழி புளிக்கவைத்தல். காயைத் தோல் நீக்கி, இலை பரப்பிய குழியிலிட்டு மூடுவர். அந்தப் புளித்த மாவு மாதக்கணக்கில் கெடாது. வேண்டியபோது எடுத்துப் பிசைந்து, இலையில் பொதிந்து சுடுவர். தாஹிட்டியில் இதன் பெயர் மாஹி. பச்சைக் காயை நெருப்பிலும், சூடேறிய கற்கள் அடுக்கிய குழியடுப்பிலும் சுடுவதும் வழக்கம். விதையற்ற வகைகளைத் தேர்ந்து, வேரிலிருந்து கிளைக்கும் கன்றுகளால் அவற்றைப் பெருக்கியதும் இம்மக்களே.

தோட்ட முதலாளிகளின் தேவை

1769இல் ஜேம்ஸ் குக்குடன் தாஹிட்டிக்கு வந்த தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸ், மிகக் குறைந்த உழைப்பில் கிடைக்கும் உணவாக இக்காயைக் கண்டார். பின்னர் அமெரிக்க விடுதலைப் போர், கரீபியத் தீவுகளுக்கு வட அமெரிக்காவிலிருந்து வந்த உணவுச் சரக்கைத் தடுத்தது. 1780களில் சூறாவளிகளும் ஜமைக்காவை அலைக்கழித்தன; அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர் ஆயிரக்கணக்கில் பட்டினியாலும் நோயாலும் மாண்டனர். கரும்புத் தோட்ட முதலாளிகள் மலிவான தீனி தேடினர்.

அதற்காகத் தாஹிட்டியிலிருந்து ஈரப்பலாவைக் கொண்டுவர, 1787 டிசம்பரில் வில்லியம் பிளையின் தலைமையில் பவுண்டி கப்பல் புறப்பட்டது. விதையில்லாப் பயிராதலால் உயிருள்ள கன்றுகளையே ஏற்றிவர வேண்டியிருந்தது. கப்பலின் பெரிய அறையே கன்றுத்தொட்டிகளுக்கு விடப்பட்டது. 1,015 கன்றுகளுடன் திரும்புகையில், 1789 ஏப்ரல் 28 அன்று கலகம் வெடித்தது. கலகக்காரர்கள் கன்றுகளைக் கடலில் எறிந்தனர். 1791இல் பிளை மீண்டும் புறப்பட்டார். பிராவிடன்ஸ் கப்பலில் ஏற்றிய 2,000க்கும் மேற்பட்ட கன்றுகளில் பெரும்பகுதி வழியிலேயே பட்டுப்போக, எஞ்சியவை 1793 ஜனவரியில் செயின்ட் வின்சென்ட் தீவிலும் பிப்ரவரியில் ஜமைக்காவிலும் இறங்கின.

தீனியிலிருந்து உணவுக்கு

மரம் வேரூன்றியது, மக்கள் உடனே ஏற்கவில்லை. காய்கள் பல காலம் பன்றிகளுக்கே போயின. சுவை பிடிக்கவில்லை என்பதே பொதுவாகச் சொல்லப்படும் காரணம். அதைவிட ஆழமான இரண்டைக் கருத வேண்டும். தமக்கு விடப்பட்ட துண்டு நிலங்களில் வள்ளிக்கிழங்கும் வாழையும் பயிரிட்டு, மிகுந்ததை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் விற்ற மக்களுக்கு, அப்பயிர்களே தம் கைக்குட்பட்ட சிறு உரிமை. ஈரப்பலா எசமானன் முடிவுசெய்து நட்ட மரம். இரண்டாவதாக, கன்றுகளோடு பசிபிக் மக்களின் பக்குவம் வந்து சேரவில்லை; மாஹி கரீபியத்தில் வழக்கிற்கு வரவே இல்லை.

1838இல் பிரித்தானியத் தீவுகளில் முழு விடுதலை கிடைத்தபின், விடுதலை பெற்றோரின் வீட்டுக்கொல்லை மரமாக ஈரப்பலா நிலைபெற்றது. சமைக்கும் முறையை அவர்கள் தம் மரபிலிருந்தே எடுத்தனர். பிரித்தானியத் தீவுகளில் சேராத ஹெய்ட்டியிலும் அப்படியே: அவித்த காயை உரலில் இடித்துத் திரட்டி, வெண்டைக்காய்க் குழம்புடன் மெல்லாமல் விழுங்கும் தொம்தொம், மேற்கு ஆப்பிரிக்காவின் கிழங்குக் களியான ஃபூஃபூவின் நேர் வழிவந்தது. கிரெனடாவில் ஈரப்பலாவை உப்பிட்ட இறைச்சி, மஞ்சள், கீரை ஆகியவற்றோடு தேங்காய்ப்பால் வற்றி எண்ணெய் அடியில் தங்கும்வரை வேகவைக்கும் ஆயில் டவுன் இன்று தேசிய உணவு. செயின்ட் வின்சென்டின் தேசிய உணவோ, தோல் கருகச் சுட்ட ஈரப்பலாவும் பொரித்த மீனும்.

முடிவுரை

2003இல் ஹவாயில் தொடங்கப்பட்ட ஈரப்பலா ஆய்வு நிறுவனம், பசி வாட்டும் வெப்பமண்டல நாடுகளுக்கு இம்மரத்தைப் பரப்பி வருகிறது. நன்னோக்கமுள்ள இப்பணிக்கு மேற்கண்ட வரலாறு தரும் பாடம் தெளிவானது. கன்றை மட்டும் அனுப்பினால் போதாது. அதைப் பேணவும் சமைக்கவும் பதப்படுத்தவும் தெரிந்தோரின் அறிவும் உடன் செல்ல வேண்டும். எதை நடுவது, எப்படி உண்பது என்ற முடிவு பெறுவோர் கையில் இருக்க வேண்டும். கரீபியத்தில் அந்த உரிமை கிடைக்கும்வரை ஈரப்பலா தீனியாகவே கிடந்தது.