பாரதி படைப்புகளின் பதிப்புரிமை

சி. சுப்பிரமணிய பாரதியின் (1882–1921) நூல்களை அச்சிடும் உரிமையும், அவர் பாடல்களை இசைத்தட்டு, வானொலி, திரைப்படம் ஆகியவற்றில் கையாளும் உரிமையும் அவர் மறைவுக்குப்பின் ஏறத்தாழ 28 ஆண்டுகள் தனியார் கையில் இருந்தன. நூலுரிமை மனைவி செல்லம்மாளிடமிருந்து பாரதியின் தம்பி சி. விசுவநாதனுக்குப் போயிற்று. ஒலிப்பதிவு உரிமை தனியாகப் பிரிந்து சென்னை வைர வணிகர்களுக்கும், அவர்களிடமிருந்து படத் தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்பச் செட்டியாருக்கும் கைமாறியது. 1949-இல் சென்னை மாகாண அரசு இரண்டையும் பெற்றுக்கொண்டு, சில ஆண்டுகளில் பொதுமக்களுக்கே விட்டுவிட்டது. ஓர் எழுத்தாளரின் படைப்புகளை அரசு வாங்கிப் பொதுவுடைமையாக்கியது உலகிலேயே இதுதான் முதல்முறை என்று சொல்வோர் உண்டு. அவ்வளவு தூரம் போகாதவர்களும் இந்தியாவில் இதற்கு முன்மாதிரி இல்லை என்பதை ஒப்புக்கொள்கின்றனர்.

வாழ்நாளில்

பாரதி தம் பாடல்களைக் காசாக்கியதைவிட வழங்கிவிட்டதே அதிகம். 1907-இல் வி. கிருஷ்ணசாமி ஐயர், அரசியலில் மிதவாதியாக இருந்தும், பாரதியின் தேசியப் பாடல்கள் சிலவற்றை 15,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாக விநியோகித்தார். 1908-இல் ‘ஸ்வதேச கீதங்கள்’, 1909-இல் ‘ஜன்ம பூமி’ வெளிவந்தன. ‘கனவு’, ‘ஆறில் ஒரு பங்கு’ ஆகிய இரண்டையும் அரசு 1911-இல் தடை செய்தது. ‘பாஞ்சாலி சபத’த்தின் முதற்பாகம் 1912-இல் அச்சேறியது, இரண்டாம் பாகத்தை நூலாகக் காண அவர் உயிரோடில்லை. 1917 முதல் பரலி சு. நெல்லையப்பர் ‘கண்ணன் பாட்டு’ உள்ளிட்ட சிறு நூல்களைக் கொண்டுவந்தார்.

1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டுப் புறப்பட்ட பாரதி கடலூரில் கைதானார். ஏறத்தாழ மூன்றரை வாரச் சிறைவாசத்துக்குப் பின், திருநெல்வேலிச் சீமையில் வசிக்க வேண்டும், எழுதுவதை வெளியிடுமுன் காவல்துறையின் உளவுப் பிரிவுக்குக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனைகளோடு விடுதலையானார். நேரே சென்றது செல்லம்மாள் பிறந்த ஊரான கடையத்துக்கு. தென்காசியிலிருந்து அம்பாசமுத்திரம் செல்லும் சாலையில், மேற்குத்தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள ஊர் அது. முன்பு திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்து, 2019-இல் பிரிந்த தென்காசி மாவட்டத்தோடு சேர்ந்தது. 1920-இன் பிற்பகுதியில் ‘சுதேசமித்திர’னில் மீண்டும் சேரச் சென்னைக்குப் போகும்வரை பாரதியின் இருப்பிடம் இதுவே. ஊருக்கு வெளியே நித்தியகல்யாணி அம்மன் கோயிலும் அதையடுத்த பாறையும் அவர் உட்கார்ந்து பாடிய இடங்களாக இன்றும் காட்டப்படுகின்றன. ‘காணி நிலம்’ பாடல் இங்கே பிறந்தது என்பது ஊர் வழக்கு. புதுச்சேரிக் காலத்தது என்பது பதிப்பாசிரியர் பலரின் கருத்து.

பதிப்புரிமை வரலாற்றுக்குக் கடையம் முக்கியமாவது வேறொரு காரணத்தால். கையெழுத்துப் படிகளாகத் தேங்கிக் கிடந்த தம் எழுத்து முழுவதையும் அச்சில் கொண்டுவரும் திட்டத்தை பாரதி வகுத்தது இங்கேதான். 1920-இல் நண்பர்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில் எல்லாவற்றையும் 40 நூல்களாகப் பகுத்து, நூலுக்கு 10,000 பிரதி வீதம் நான்கு லட்சம் பிரதிகள் அச்சிடப் போவதாக அறிவித்தார். அச்சுக்கூலிக்கும் விளம்பரத்துக்கும் வட்டியோடு திருப்பித் தரும் கடனாகவே பணம் கேட்டார், நன்கொடை கேட்கவில்லை. மண்ணெண்ணெயையும் தீப்பெட்டியையும்விடச் சாதாரணமாகத் தம் நூல்கள் வீடுதோறும் விலைபோகும் என்பது அவர் கணக்கு. ஆயிரம் பிரதி விற்பதே பெரிது என்றிருந்த காலத்தில் எழுதப்பட்ட இந்த அறிக்கை, தம் வாசகர் யார் என்பதில் அவருக்கு எவ்வளவு தெளிவு இருந்தது என்பதைக் காட்டுகிறது. பணம் திரளவில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அவர் திருவல்லிக்கேணியில் காலமானார்.

குடும்பத்தாரும் பிரசுராலயமும்

அன்று நடப்பிலிருந்த 1914-ஆம் ஆண்டுச் சட்டப்படி படைப்பாளி இறந்து 50 ஆண்டுகள்வரை பதிப்புரிமை நீடிக்கும். பாரதியின் எழுத்து இயல்பாகப் பொதுவுக்கு வர 1971 முடிய வேண்டும். உயில் எதையும் சாராமல் உரிமை செல்லம்மாளுக்கும் தங்கம்மாள், சகுந்தலா என்ற இரு மகள்களுக்கும் வந்தது. 1922-இல் ‘பாரதி ஆச்சிரமம்’ என்ற பெயரில் குடும்பமே ‘சுதேச கீதங்க’ளை வெளியிட்டது. முயற்சி நீடிக்கவில்லை.

1924-இல் பாரதியின் தந்தைக்கு இரண்டாம் தாரத்தில் பிறந்த சி. விசுவநாதனும் உறவினர் ஹரிஹர சர்மா முதலியோரும் ‘பாரதி பிரசுராலய’த்தைத் தொடங்கினர். விசுவநாதன் மானாமதுரையில் பள்ளி ஆசிரியர். பதிப்புத் தொழில் அவருக்குப் பரம்பரைத் தொழிலல்ல. ஆனாலும் பாரதியின் கவிதையும் உரைநடையும் ஒழுங்கான தொகுதிகளாகத் தமிழர் கைக்கு வந்தது பெரும்பாலும் இந்தப் பிரசுராலயத்தின் வழியாகத்தான். பிற்காலப் போராட்டத்தின் சூட்டில் உரிமையைப் பிடித்துவைத்தவர் என்றே அவரைப் பேசிய பலர் இதைக் குறிப்பிடத் தவறினர்.

1928-இல் பர்மா அரசு ‘சுதேச கீதங்க’ளைத் தடை செய்ய, சென்னை அரசும் அதைப் பின்பற்றிப் பிரசுராலயத்துப் பிரதிகளைப் பறிமுதல் செய்தது. சட்டசபையில் எஸ். சத்தியமூர்த்தி பாரதி பாடல்களை எடுத்துக்காட்டித் தடையைக் கண்டித்துப் பேசியது அந்த ஆண்டின் பெரிய செய்தி. தடையின் விளைவாகப் பாடல்கள் மேலும் பரவின.

1931-இல் செல்லம்மாளும் மகள்களும் முழு உரிமையையும் விசுவநாதனுக்கு விற்றனர். தொகை 4,000 ரூபாய் என்று குறிக்கப்படுகிறது. அதன்பின் சட்டப்படி செல்லம்மாளுக்குக் கணவரின் எழுத்தில் எந்தப் பாத்தியமும் இல்லை.

இசைத்தட்டும் திரைப்படமும்

1930-களில் கிராமபோனும் பேசும்படமும் வந்ததும், புத்தகத்துக்கு அப்பாலும் உரிமைக்கு விலை உண்டு என்பது தெரியவந்தது. சென்னையில் வைர வணிகம் செய்துவந்த சுராஜ்மல் நிறுவனத்தார் இசைத்தட்டுத் தொழிலிலும் இறங்கி, பாரதி பாடல்களை ஒலிவடிவில் பயன்படுத்தும் உரிமையைச் சிறு தொகைக்கு விசுவநாதனிடமிருந்து வாங்கினர். இந்த உரிமை இருப்பது அந்தக் காலத்தில் பலருக்குத் தெரியாது. நாடக மேடைகளிலும் காங்கிரஸ் கூட்டங்களிலும் பாரதி பாடல்கள் யாரையும் கேட்காமல் ஒலித்தன. டி.கே.எஸ். சகோதரர்கள் நடித்த ‘மேனகா’ (1935) பாரதி பாடலைச் சேர்த்த முதல் தமிழ்ப்படம் என்று குறிப்பிடப்படுவதுண்டு.

இசைத்தட்டு வணிகத்தில் பழகிய மெய்யப்பச் செட்டியார் இந்த உரிமையின் மதிப்பை அறிந்திருந்தார். 1940-களில் அதைச் சுராஜ்மல் நிறுவனத்தாரிடமிருந்து வாங்கினார். கொடுத்த விலை 9,500 ரூபாய் என்று சிலரும் 10,000 என்று சிலரும் எழுதுகின்றனர். 1947 தொடக்கத்தில் வெளியான அவருடைய ‘நாம் இருவர்’ படத்தில் டி.கே. பட்டம்மாளின் குரலும் குமாரி கமலாவின் நடனமும் சேர்ந்து பாரதியைப் பட்டிதொட்டியெல்லாம் கொண்டுசென்றன. நாடு விடுதலை பெறவிருந்த மாதங்களில் வந்த அப்படத்தின் வெற்றியில் பாரதி பாடல்களுக்குப் பெரும்பங்கு உண்டு. தாம் பணம் கொடுத்து வாங்கியதை மற்றவர் இலவசமாக எடுத்துக்கொள்வதை ஒரு வணிகர் ஏற்க மறுத்ததில் வியப்பில்லை.

1948-இல் டி.கே.எஸ். சகோதரர்கள் தங்கள் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதியின் ‘கண்ணன் பாட்’டிலிருந்து ஒரு பாடலைச் சேர்த்தனர். அதே பாடல் அதே ஆண்டு மெய்யப்பரின் ‘வேதாள உலக’த்திலும் இடம்பெற்றது. மெய்யப்பர் வழக்குத் தொடுத்தார். சகோதரர்களில் ஒருவரான டி.கே. சண்முகம் பணிந்துபோகவில்லை, பாரதி பாடல் தனியொருவர் சொத்தாக இருக்கலாகாது என்ற வாதத்தைப் பொதுமேடைக்குக் கொண்டுவந்தார். இரண்டு படக் கம்பெனிகளுக்கு இடையிலான தகராறு இந்தக் கட்டத்தில்தான் தமிழர் எல்லோருடைய பிரச்சினையாயிற்று.

பாரதி விடுதலை, 1948–1949

பாரதியின் எழுத்துகளைப் பொதுவுடைமையாக்க வேண்டும் என்ற கோரிக்கையை முதலில் எழுப்பியவர் யார் என்பதில் கருத்துவேறுபாடு உண்டு. கம்யூனிஸ்ட் தலைவர் ப. ஜீவானந்தத்தைச் சிலர் சுட்டுவர். பாரதியின் நண்பரும் ‘மணிக்கொடி’ ஆசிரியர்களில் ஒருவருமான வ.ரா.வைச் சிலர், டி.கே. சண்முகத்தைச் சிலர். கல்கியின் முயற்சியில் பொதுமக்கள் காசு சேர்த்துக் கட்டிய எட்டயபுரம் பாரதி மணிமண்டபம் 1947 அக்டோபரில் திறக்கப்பட்டது. கவிஞருக்கு மண்டபம் கட்டிய நாடு அவர் பாட்டைப் பாட அனுமதி கேட்க வேண்டியிருந்தது பலரை உறுத்தியிருக்க வேண்டும்.

1948-இல் எழுத்தாளர்கள் கூடிப் ‘பாரதி விடுதலைக் கழக’த்தை அமைத்தனர். ‘பிரசண்ட விகடன்’ ஆசிரியர் நாரண துரைக்கண்ணன், திருச்சி ‘சிவாஜி’ இதழை நடத்திய திருலோக சீதாராம் ஆகியோர் முன்னின்றனர். கட்டுரைகளும் தீர்மானங்களும் தொடர்ந்தன. கழகத்தார் செய்தவற்றுள் நினைவில் நிற்பது அவர்களுடைய திருநெல்வேலிப் பயணம். அங்கே வசித்துவந்த செல்லம்மாளைச் சந்தித்து, கணவரின் எழுத்துகள் பொதுவுடைமையாவதில் தமக்கு இசைவே என்று எழுதி வாங்கினர். 1931 விற்பனைக்குப்பின் அந்தக் கடிதத்துக்குச் சட்டமதிப்பு கிடையாது. ஆனாலும் அது இல்லாமல் அரசை அணுக அவர்களுக்கு மனம் வரவில்லை. அரசும் அக்கடிதத்தைப் பொருட்படுத்தியது என்பது பின்னால் கொடுத்த தொகையிலிருந்து தெரிகிறது.

மாகாணப் பிரதமராக இருந்தவர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். கல்வி அமைச்சர் டி.எஸ். அவினாசிலிங்கம் செட்டியார். இருவரும் கோரிக்கையை ஏற்றனர். மெய்யப்பர் ஒலி, திரை உரிமைகளை ஒரு காசும் பெறாமல் அரசிடம் ஒப்படைத்தார். பிரதமர் கேட்டதும் மனமுவந்து கொடுத்தார் என்பது அவர் தரப்பு விவரம். எழுந்திருந்த மக்கள் கருத்துக்கு முன் வேறு வழியில்லை என்பது இயக்கத்தார் தரப்பு. இரண்டும் ஒன்றையொன்று மறுக்க வேண்டியதில்லை. வாங்கிய விலையையாவது அவர் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை என்பதை எல்லாத் தரப்பும் ஒப்புக்கொள்கிறது.

நூலுரிமைக்காக விசுவநாதனுக்கு அரசு 15,000 ரூபாய் கொடுத்தது. செல்லம்மாளுக்கும் இரு மகள்களுக்கும் ஆளுக்கு 5,000 ரூபாய் வழங்கியது. உரிமையை என்றோ விற்றுவிட்ட குடும்பத்துக்கு, உரிமையாளருக்குக் கொடுத்த அதே தொகை போய்ச்சேர்ந்தது குறிப்பிடத்தக்கது. 1949 மார்ச்சில் அறிவிப்பு வெளியானது. அடுத்த மாதமே ஓமந்தூரார் பதவி விலகினார்.

பின்விளைவுகள்

அரசு ஒரு குழுவை அமைத்துத் தன் சொந்தப் பதிப்பை வெளியிட்டது. கவிதைத் தொகுதி 1954-இல் வந்தது. அதன்பின் யார் வேண்டுமானாலும் பாரதியை அச்சிடலாம் என்றாயிற்று. 1957-இல் ‘சக்தி’ வை. கோவிந்தன் பாரதியார் கவிதைகளை ஒன்றரை ரூபாய்க்கு வெளியிட்டார். கடையத்துச் சுற்றறிக்கையில் கண்ட மலிவு விலை நூல் 37 ஆண்டுகள் கழித்துக் கடைக்கு வந்தது. பழைய இதழ்களிலிருந்து பாரதியின் எழுத்தைத் தேடி எடுத்த பெ. தூரன், ரா.அ. பத்மநாபன், சீனி. விசுவநாதன் முதலியோரின் பதிப்புப் பணிக்கும் உரிமைத் தடை குறுக்கிடவில்லை. ‘கப்பலோட்டிய தமிழன்’ (1961) பாரதி பாடல்களை மட்டுமே கொண்டு எடுக்கப்பட்டது.

மற்ற இந்திய மொழிகளின் நிலை வேறு. தாகூரின் உரிமையை விசுவபாரதி 2001 முடியத் தன்னிடம் வைத்திருந்தது. அதற்காகவே 1992-இல் சட்டகாலம் 60 ஆண்டாக நீட்டப்பட்டது. காந்தியின் எழுத்துகள் நவஜீவன் அறக்கட்டளையிடம் 2008 முடிய இருந்தன. தமிழ்நாட்டிலோ நாட்டுடைமையாக்கம் அரசின் வழக்கமாகவே ஆகிவிட்டது. பாரதிதாசன், கல்கி, புதுமைப்பித்தன் எனப் பட்டியல் நீண்டது. எழுத்தாளர் குடும்பத்துக்கு உதவித்தொகை தரும் வழியாகவும் அது மாறியது.

இவ்வரலாற்றை ஆவணங்களோடு எழுதியவர் ஆ.இரா. வேங்கடாசலபதி, அவருடைய ‘பாரதி: கவிஞனும் காப்புரிமையும்’ 2015-இலும் அதன் ஆங்கில வடிவம் 2018-இலும் வெளியாயின. 2021-இல் தமிழக அரசு செப்டம்பர் 11-ஐ மகாகவி நாளாக அறிவித்தது. 2022-இல் கடையத்தில் பாரதிக்கும் செல்லம்மாளுக்கும் சேர்த்துச் சிலை நிறுவப்பட்டது.