பன்னிரண்டு சதுர அடியில் ஒரு குடும்பம்: கப்பல் பெட்டிகளின் கணக்கு

2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கோர்டெலியா சொகுசுக் கப்பல் கிளம்ப ஆரம்பிச்சதுக்கு அப்புறம், எனக்குத் தெரிஞ்ச குடும்பங்களிலும் கப்பல் பேச்சு வந்துடுச்சு. எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "ரூம் சின்னதாமே, நாலு பேர் சாமானை எங்க வைக்கிறது?" அதுக்கு வழக்கமாகச் சொல்ற பதில்கள் சில உண்டு. கேபின் சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடு, அதனால காந்தக் கொக்கி ஒட்டும். காலிப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளு. தரையை விடு, உயரத்தைப் பயன்படுத்து.

இதைக் கேட்டதும் எனக்கு ரஜுலா கப்பல்தான் நினைவுக்கு வந்தது. கேபினே இல்லாமல் கடல் தாண்டிய குடும்பங்கள் சாமானை எங்கே வைத்தன? ஏற்காடு மலையில் கொட்டச்சேட்டில் உட்கார்ந்து கப்பலைப் பற்றி எழுதுவது விசித்திரமாகத் தெரியலாம். ஆனால் திருச்சி, தஞ்சாவூர் போலவே சேலம் ஜில்லாவும் இலங்கைக்கும் மலாயாவுக்கும் ஏராளமாக ஆள் அனுப்பிய ஜில்லா. இங்கே 1820களில் கலெக்டர் காக்பர்ன் காப்பி நட்டார். மலையேறித் தோட்ட வேலைக்குப் போனவர்களும், கப்பலேறித் தோட்ட வேலைக்குப் போனவர்களும் ஒரே வறட்சியிலிருந்து கிளம்பியவர்கள்தான்.

சட்டம் போட்ட கணக்கு

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற கப்பல்களுக்கு இந்தியக் குடிபெயர்வுச் சட்டங்கள் ஓர் அளவு வைத்தன. வயது வந்த ஒருவருக்கு 12 சதுர அடி தரை, 72 கன அடி இடம். அதாவது ஆறடி நீளம், இரண்டடி அகலம், ஆறடி உயரம். ஒரு ஆள் கை காலை மடக்கிக்கொண்டு படுத்தால் முடிந்தது. சிறு குழந்தைகள் இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு ஆள்.

இந்த 72 கன அடி சாமான் வைப்பதற்காகக் கொடுத்தது இல்லை, மூச்சு விடுவதற்காகக் கொடுத்தது. 1856-57 பருவத்தில் கல்கத்தாவிலிருந்து கரீபியன் தீவுகளுக்குப் போன கப்பல்களில் ஏறினவர்களில் சுமார் 17 சதவீதம் பேர் வழியிலேயே இறந்தார்கள். காலரா, வயிற்றுப்போக்கு, கூட்ட நெரிசல். இந்த மாதிரிச் சாவுகளுக்குப் பிறகுதான் இடம், காற்று, தண்ணீர், மருத்துவர் என்று விதிகள் இறுகின.

இப்போ ஒரு குடும்பத்துக்குக் கணக்கு போடுவோம். அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள். சட்டப்படி இவர்கள் மூன்று ஆள்தான். 36 சதுர அடி, அதாவது ஆறுக்கு ஆறு. இன்றைய கப்பலில் 150 சதுர அடி அறையைப் பார்த்து "சின்னது" என்கிறோம். அதில் கால் பங்குகூட இது வராது.

அந்த ஆறுக்கு ஆறில் ஒரு டிரங்குப் பெட்டியை வைத்துப் பாருங்க. இரண்டரை அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஓர் அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். தரையில் 3.75 சதுர அடி போய்விடும். பத்தில் ஒரு பங்குக்கும் மேல். ஆனால் கன அளவில் பார்த்தால் 216-இல் 3.75 மட்டுமே, இரண்டு சதவீதம்கூட இல்லை. இடம் இருக்கிறது. ஆனால் அது காற்றில் இருக்கிறது, தரையில் இல்லை. பலகையும் கிடையாது, அலமாரியும் கிடையாது. காந்தக் கொக்கி தீர்க்கிறதும் இதே பிரச்சினையைத்தான்.

ரஜுலாவின் தளத்தில்

ஒப்பந்தக் கூலிமுறைக்கு 1917-இல் ஆள் சேர்ப்பது நின்றது. அதற்குப் பின்னும் மலாயாவுக்குப் போவது நிற்கவில்லை. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாம் போட்டுத் தொழிலாளர்களை அனுப்பினார்கள். 1938-இல் இந்திய அரசு அந்த உதவி பெற்ற குடிபெயர்வைத் தடை செய்த பிறகும், சொந்தச் செலவில் போகிறவர்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள்.

இந்த வழித்தடத்தில் எல்லாரும் சொல்லும் பெயர் ரஜுலா. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனிக்காக 1926-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் கட்டியது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று 1970களின் தொடக்கம் வரை ஓடியது. ஆரம்பத்தில் அதற்கு 5,000-க்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அனுமதி இருந்தது. கேபின் பயணிகளோ அதில் ஒரு சிறு துளி.

டெக் பயணிக்குச் சட்டம் தந்த இலக்கணம் கவனிக்க வேண்டியது. யாருக்குக் கேபினில் தனி இடம் ஒதுக்கவில்லையோ அவர் டெக் பயணி. இல்லாத ஒன்றை வைத்து ஆளுக்குப் பெயர். இவர்களுக்காகவே 1931-இல் சிம்லா விதிகள் வந்தன. 1971-இலும் 1973-இலும் சர்வதேச ஒப்பந்தங்கள் வந்தன, அதில் இரண்டாவது முழுக்க இட அளவைப் பற்றியது.

கேபின் இல்லாத இடத்தில் கேபினைக் கட்டியது சாமான்தான். பாயை விரித்து, பெட்டியை ஓரத்தில் வைத்தால் அது சுவர். பகலில் உட்கார அதுவே பலகை, இரவில் தலைக்கு உயரம், பூட்டு இருப்பதால் அதுவே பீரோ. வைக்கும் பொருளே அறையாக மாறிவிடுகிறது.

எனக்குப் பிடித்த விஷயம் பெட்டிக்கும் மூட்டைக்கும் உள்ள வித்தியாசம். புரோகிராம் எழுதுறவங்களுக்குச் சட்டென்று புரியும். பெட்டி என்பது முன்கூட்டியே ஒதுக்கிய மெமரி. உள்ளே ஒன்றும் இல்லாவிட்டாலும் அதே இடத்தை அடைக்கும். மூட்டை தேவைக்கேற்ப விரிந்து சுருங்கும், அவிழ்த்தால் போர்வை, கட்டினால் தலையணை. அடுக்குப் பாத்திரம் இன்னொரு வித்தை: பெரியதுக்குள் சின்னது, அதுக்குள் அதைவிடச் சின்னது, கடைசிக்குள் பருப்பு. குழந்தைக்குத் தூளி. தொங்க ஒரு குறுக்குக் கம்பி கிடைத்தால் போதும், சட்டம் அரை ஆளாக எண்ணிய குழந்தை தரையில் இடமே கேட்காது.

இதெல்லாம் கப்பலில் கண்டுபிடித்தது இல்லை. ஒற்றை அறை வீட்டில் கற்றது. ஏற்காட்டுக் காப்பித் தோட்ட லயன் வீடுகளிலும் இதே பாடம்தான்: மேலே பரண், சுவரோரம் கொடி, கூரையிலிருந்து உறி. ஒரு குடும்பத்தின் சொத்து முழுவதும் தலைக்கு மேலே.

கப்பலில் இன்னொரு கட்டுப்பாடும் இருந்தது. நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல் கரைக்கு வராது. படகில் ஏறிப் போய்த்தான் கப்பலில் ஏறணும். அந்தப் பக்கம் இறங்கினால் பினாங்கு அருகே ஜெரஜாக் தீவிலோ, சிங்கப்பூர் அருகே செயின்ட் ஜான்ஸ் தீவிலோ தொற்றுத் தடுப்பு முகாம் காத்திருக்கலாம். ஒவ்வொரு கட்டத்திலும் ஏற்றி இறக்கணும். எனவே எவ்வளவு கொள்ளும் என்பதைவிட, ஒருத்தர் தலையில் எவ்வளவு ஏறும் என்பதுதான் உண்மையான வரம்பு. அதில் அடங்காதது ஊரிலேயே நின்றுவிட்டது: அம்மி, ஆட்டுக்கல், கலப்பை.

பதிவேட்டில் இல்லாதது

1860 அக்டோபரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் 342 பேருடன் கிளம்பியது. நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. நேட்டாலுக்குப் போன இந்த மாதிரிக் கப்பல்களின் பயணிப் பட்டியல்கள் இன்றும் கிடைக்கின்றன. பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள தழும்பு வரை எழுதியிருக்கிறார்கள். தோட்டத்திலிருந்து ஓடினால் பிடிக்கத் தழும்பு உதவும்.

என்ன கொண்டுபோனார்கள் என்பதற்கு அந்தப் பட்டியலில் ஒரு பத்தி இல்லை. உயரத்தை அளந்தவர்கள் மூட்டையைப் பிரித்துப் பார்த்து எழுதவில்லை. ஒரு குடும்பம் திரும்பி வரமாட்டோமோ என்ற நிலையில் எதை எடுத்தது, எதை விட்டது என்பது அவர்கள் தாங்களே எடுத்த சில முடிவுகளில் ஒன்று. ஆட்சிக்கு அது தேவைப்படாததால் வரலாற்றுக்கும் கிடைக்காமல் போனது.

ரஜுலா காலத்துக்கு அந்த நிலை இல்லை. சேலம், ஆத்தூர், நாமக்கல் பக்கம் மலாயாப் பெட்டி இன்னும் பல வீடுகளில் அரிசி மூட்டைக்கு அடியில் கிடக்கும். இருந்தால் ஒரு வேலை செய்யுங்க. நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்து எழுதுங்க. மூடியில் பெயிண்டில் எழுதிய பெயரோ ஊரோ இருந்தால் போட்டோ எடுங்க. அப்புறம் வீட்டில் மூத்தவர் யாரோ அவரிடம், அதில் என்ன வந்தது என்று கேட்டு எழுதி வையுங்க. பெட்டி துருப்பிடித்தாலும் இன்னும் கொஞ்ச காலம் இருக்கும். பதில் சொல்லக்கூடியவர்கள் அப்படியில்லை.